சுவர்ப் பக்கம் ஒதுங்கிய பெல்ட்

அடுத்த முறை கூடும்போது ஆளுக்கொரு பழைய கதை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து தீர்மானம் போட்டுவிட்டீர்கள். நான் வழக்கம்போலப் பாதியில் எழுந்து வாசலுக்குப் போயிருந்ததால் மறுத்துப் பேச ஆள் இல்லை. அறுபது தாண்டியும் இவளுக்குக் காலில் சக்கரம் என்று நீங்கள் சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது. சிரியுங்கள். ஆனால் பிறக்கும்போதே நான் அப்படியில்லை. நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும், ஒரு சத்தம் எப்போது நிற்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு வந்த வியாதி இது.

நம் ஊர் செராமிக் பேட்டையில் மூன்றாவது வரிசை ஷெட் எங்களுடையது. ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. உங்களில் பாதிப் பேர் அங்கே வந்து உடைந்த ஃப்யூஸ் கட்டைகளையும் மூக்கு கோணிய பொம்மைகளையும் பொறுக்கிக்கொண்டு போனவர்கள்தான். ஷெட்டுக்குள்ளே சுவரோரமாக ஒரு இரும்புப் பீப்பாய் படுத்தவாக்கில் சுற்றிக்கொண்டிருக்குமே, அதற்குப் பால் மில் என்று பெயர். பாலுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. பொடித்த வெள்ளைக்கல், மண், தண்ணீர், கூடவே நிறையக் கூழாங்கற்கள், எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடி ஒரு பகல் ஓர் இரவு சுழலவிட்டால் மோர் மாதிரி கூழ் வரும். அதை அச்சில் வார்த்தால்தான் கட்டையோ பொம்மையோ. பீப்பாயைச் சுற்றுவது ஒரு மோட்டார். மோட்டாரையும் பீப்பாயையும் இணைப்பது கை அகலத்துக்கு ஒரு கேன்வாஸ் பெல்ட். அந்த பெல்ட்டுதான் கதை.

மில் ஓடும்போது கடகடவென்று ஒரே சீராகச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம், சண்டை போட்டோம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது நின்றால்தான் காது வலிக்கும். பாதியில் மில் நின்றால் உள்ளே இருக்கும் கூழ் அடியில் படிந்து இறுகிவிடும். மறுபடி ஓட்டுவதற்குள் கம்பி போட்டுக் குத்திக் கிளற வேண்டும். கூழ் தயாராகாவிட்டால் அச்சு வேலை நிற்கும். அச்சு வேலை நின்றால் சூளை முறை போய்விடும். பேட்டையில் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுச் சூளைதான். முறை வைத்துத்தான் அடுக்கவேண்டும். நம் முறை வரும் நாளில் கையில் சரக்கு இல்லையென்றால் அடுத்த ஷெட்காரர் அடுக்கிவிடுவார், மறுபடி நம் பெயர் வரும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

அப்பா திட்டக்குடிப் பக்கத்து நிலத்தைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு வந்தவர். மண்ணை உழுததுபோய் மண்ணைச் சுடப் போகிறேன் என்று பெருமையாகச் சொல்வார். பயிற்சி வகுப்பில் படித்துத் தேறியவர். எது செய்தாலும் தானே செய்யவேண்டும், செய்ததில் குறை சொல்லக்கூடாது. நல்ல மனிதர், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவரைத் திட்டாதீர்கள். திட்டவேண்டிய ஆள் இன்னொருவரும் இதில் உண்டு.

மில்லை ஓட்டியவரை நான் மில் அண்ணன் என்று கூப்பிடுவேன். நல்லூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வயது இருக்கும், பெண்டாட்டியும் கைக்குழந்தையும் ஊரில். காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முதலில் அவர் செய்வது, பீப்பாயின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பது. உள்ளே கல் எப்படி உருளுகிறது என்று கைக்குத் தெரியுமாம். எனக்கும் ஒருமுறை வைத்துக்காட்டச் சொல்லிக் கேட்டேன். முதலாளி பார்த்தால் தோலை உரித்துவிடுவார் என்று விரட்டிவிட்டார். இரட்டைப் பின்னலும் பாவாடையுமாக நான் பெல்ட் பக்கம் போகக்கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பான உத்தரவு. பக்கத்து வரிசை ஷெட்டில் ஒரு அம்மாவின் முந்தானை பெல்ட்டில் சிக்கிய கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள்.

அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மோட்டாருக்குக் கீழே நான்கு மூலையிலும் வைத்திருந்த மரக்கட்டைகள் ஊறி உப்பி, நசுக்கினால் பஞ்சாகப் பிய்ந்து வந்தன. ஆயுத பூஜைக்கு மில்லைக் கழுவித் துடைத்தபோது அப்பா அந்தக் கட்டைகளைத் தூக்கி எறிந்தார். பதிலுக்கு என்ன வைத்தார் தெரியுமா? நம் பேட்டைக்காரர்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் தோன்றாத ஒன்றை. அவரே அச்சு வெட்டி, அவரே வார்த்து, எங்கள் முறை சூளையில் அடுக்கிச் சுட்டெடுத்த நான்கு பீங்கான் கட்டைகள். வெள்ளை வெளேரென்று, செங்கல்லில் பாதி அளவில், பளபளவென்று. மரம் ஊறும், இரும்பு துருப்பிடிக்கும், நம்ம பீங்கானுக்கு என்ன வரும் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மோட்டாரை அதன் பலகையோடு அதன்மேல் உட்காரவைத்து போல்ட் முடுக்கி, சுற்றிலும் சிமெண்ட் பூசி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார். எங்களுக்குப் பொரியும் கடலையும் கிடைத்தன. உங்களுக்கும் கொண்டுவந்து கொடுத்தேன்.

பூஜை முடிந்து மில் ஓடிய முதல் வாரத்திலேயே பெல்ட் அறுந்தது.

அறுந்த சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. பளார் என்று சுவரில் ஓர் அறை. அதற்கப்புறம் பீப்பாய் தானாக இரண்டு சுற்றுச் சுற்றி, முனகிக்கொண்டே நிற்கும். கற்கள் ஒவ்வொன்றாக விழுந்து ஓயும். பிறகு ஒன்றுமே இருக்காது. அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா சாப்பாட்டை விட்டு எச்சில் கையோடு ஓடினார்.

முதல் தடவை பெல்ட் விற்ற கடைக்காரனுக்கு அர்ச்சனை. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றார் அப்பா. வேறு கடையில் புதிதாக வாங்கி வந்தார்கள். பெல்ட்டின் இரண்டு முனையையும் சேர்த்துக் கம்பிக் கொக்கி போட்டு இணைக்கவேண்டும். இரண்டாவது பெல்ட் அந்த இணைப்புக்குப் பக்கத்தில் கிழிந்தது. கொக்கி சரியில்லை என்று கொக்கியை மாற்றினார்கள். மூன்றாவதைத் தளர்வாகப் போட்டதால்தான் நழுவுகிறது என்று மோட்டாரைப் பலகைமேல் பின்னால் தள்ளி இழுத்து முறுக்கினார்கள். அது தொட்டால் சுடுகிற அளவுக்குக் காய்ந்து, பத்தே நாளில் வாய் பிளந்தது. பிறகு யாரோ சொன்னார்கள் என்று குங்கிலியத்தை விளக்கெண்ணெயில் காய்ச்சி பெல்ட்டின் உள்பக்கம் தடவினார் அப்பா. ஷெட் முழுக்கக் கோயில் வாசனை. பேட்டை நாய்கள்கூட வாசலில் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயின. பெல்ட் மட்டும் வழிக்கு வரவில்லை.

அறுந்த பெல்ட்டுகள் வீட்டில் பெருகின. அம்மா அவற்றைத் துண்டுபோட்டு எல்லாவற்றுக்கும் உபயோகித்தாள். கிணற்று வாளிக்குப் பிடி, கதவு அடிக்காமல் இருக்க அண்டை, உரலுக்கடியில் மெத்தை, என் பள்ளிக்கூடப் பைக்குப் பட்டை. தோளில் அந்தப் பட்டையோடு நான் வகுப்புக்கு வந்தது உங்களில் யாருக்காவது நினைவிருக்கலாம். ஓரத்தில் நூல் பிரிந்து கழுத்தில் அரிக்கும். ஒரே ஓரத்தில்தான் நூல் பிரிந்திருக்கும், மறு ஓரம் கத்தி போட்டு வெட்டியதுபோலச் சுத்தமாக இருக்கும். எல்லாத் துண்டும் அப்படித்தான். வீடு முழுக்கச் சாட்சி தொங்கிக்கொண்டிருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

இல்லை, ஒருவர் படித்தார். மூன்றாவது பெல்ட் போட்ட அன்றைக்கே மில் அண்ணன் அப்பாவிடம் சொன்னார். நான் வாசற்படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

"மொதலாளி, பெல்ட்டு செவுத்துப் பக்கமாவே ஒதுங்குது. ஒதுங்கிப்போயி மில்லு இரும்புச் சட்டத்துல ஒரசுது. மோட்டாரு ஒக்காந்திருக்கிற எடத்த ஒருக்கா பாத்துடலாங்க."

அப்பா நிமிர்ந்தார். "மோட்டார ஒக்கார வச்சது யாரு? நான். நீ பெல்ட்ட பாரு."

அவ்வளவுதான் பேச்சு. மில் அண்ணன் சரிங்க என்று சொல்லிவிட்டுக் கொக்கியை முடுக்கப் போய்விட்டார். இன்றைக்கு யோசித்தால் பதறுகிறது. இரண்டு வாக்கியத்தில் கோளாறு என்ன, எங்கே என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நாங்கள் பட்ட பாடு அத்தனையும் தேவையில்லாதது.

நான்காவது பெல்ட்டுக்குத் திருஷ்டி கழித்தார்கள். எலுமிச்சம்பழம், மிளகாய், படிகாரம். ஒரு சூளை முறை தவறிப்போயிருந்தது, இரண்டாவது முறையும் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஓர் இடத்தில் நிற்கமாட்டார். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடப்பார். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே காதைத் திருப்பிக் கேட்பார். அவர் கேட்பதைப் பார்த்து நாங்களும் கேட்போம். சத்தம் ஓடும்போதும் நிம்மதியில்லை, ஏனென்றால் அடுத்த நொடி நிற்கலாம். நானும் அப்போதுதான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்துபோய்ச் சன்னலில் எட்டிப்பார்க்க ஆரம்பித்தேன்.

பேட்டை டீக்கடையில்தான் அந்தப் பேச்சு கிளம்பியிருக்கவேண்டும். கைராசி. சூளை அடுக்குவதற்குக்கூடக் கைராசிக்காரரைத்தான் முதல் தட்டு வைக்கச் சொல்வார்கள், நமக்குத் தெரியாதா. பெல்ட்டை மாட்டுகிறவன் கை சரியில்லை என்றார்கள். அப்பா முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு போட்டுக்கொண்டார். ஐந்தாவது பெல்ட்டை மில் அண்ணனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே மாட்டினார். அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

என்னிடம் ஒரு பீங்கான் பொம்மை இருந்தது. மொட்டைத் தலை. சாயம் பூசும் முன்பே விரிசல் விட்டதால் கழித்துப்போட்ட சரக்கு. அதற்கு முடி வைக்க எனக்கு ஆசை. பெல்ட்டின் ஓரத்தில் பிரிந்து தொங்குகிற நூல் கறுப்பாக, மெழுகு பூசினதுபோல, நீளமாக இருக்கும். அப்பா வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் நான் ஷெட்டுக்குள் போனேன். மில் அண்ணன் மில்லை நிறுத்தி, ஒரு சவர பிளேடால் பெல்ட் ஓரத்துப் பிசிரை நறுக்கிக்கொண்டிருந்தார். பிசிர் தொங்கினால் பெல்ட் ஓடுகிற கப்பிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு இன்னும் கிழியும் என்பதால் அதை அவ்வப்போது நறுக்குவார். எனக்குக் கொடுங்கள் என்றேன். குட்டையாக இருக்கிறது, இன்னும் நீளமாக வேண்டும் என்றும் அடம் பிடித்தேன். சிரித்துக்கொண்டே ஓரத்திலிருந்து இன்னும் இரண்டு இழையை உருவி நறுக்கி என் பாவாடையில் போட்டார். சொல்லிடாத பாப்பா, நீ இங்க வந்ததே தப்பு என்றார். நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பசை வைத்து ஒட்டினேன். அழகாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த ஐந்தாவது பெல்ட் அறுந்தது. அடுத்த வாரம் எங்கள் சூளை முறை. கூழ் பாதியில் நின்றுவிட்டது.

அப்பா எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்கவில்லை. என்னை மட்டும் மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார். தான் இல்லாதபோது யாராவது பெல்ட்டுக்குப் பக்கத்தில் என்னமாவது செய்ததைப் பார்த்தாயா என்று. அந்த மென்மைதான் என்னைக் கவிழ்த்தது. ஷெட்டுக்குள் போனது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அடி விழப்போகிறது. முந்திக்கொள்ளவேண்டும். மில் அண்ணன் பிளேடால் பெல்ட்டை அறுத்துக்கொண்டிருந்தார், சன்னல் வழியாகப் பார்த்தேன் என்றேன். பிசிர் என்று சொல்லவில்லை. நூல் கேட்டது நான் என்று சொல்லவில்லை. உள்ளே போனதையும் சொல்லவில்லை. அப்பா என் தலையைத் தடவினார்.

பிறகு நடந்ததைச் சன்னலிலிருந்தே பார்த்தேன். அப்பா சத்தம் போடவில்லை. பேட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பிளேடு ஆணிக்குப் பக்கத்து மாடத்தில் இருந்தது, எடுத்துக் காட்டினார்கள். மில் அண்ணன் பிசிர் நறுக்கியதைச் சொன்னார். யார் கேட்டார்கள்? என் பெயரை அவர் இழுக்கவே இல்லை. பாப்பா கேட்டது, கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கு அடி விழும் என்று நினைத்தாரோ, சொன்னாலும் யார் நம்புவார்கள் என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மாட்டிக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் அவருக்குப் பேட்டையில் ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. பெல்ட்டறுப்பான். அது டீக்கடையிலிருந்து நம் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். யாராவது யாருடைய ரிப்பனையாவது பிய்த்தால் பெல்ட்டறுப்பான். ஸ்லேட்டை உடைத்தால் பெல்ட்டறுப்பான். கபடியில் பனியனைக் கிழித்தவனுக்கும் அதே பெயர். அது ஒரு ஆளுடைய பெயர் என்றே நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் வேறு இரண்டு ஷெட்டில் போய் வேலை கேட்டிருக்கிறார். பெல்ட் இருக்கிற இடத்தில் அவரை எவன் சேர்ப்பான்?

அப்பா சில வாரம் ஆள் தேடிவிட்டு, தன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைக் கூட்டிவந்து மில்லில் வைத்தார். சொந்தம், நம்பிக்கையான ஆள், கைராசிக்காரர் என்று ஊரிலேயே பெயர். புது பெல்ட் போட்டு ஒன்பதாம் நாள், நாங்கள் பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, சுவரில் பளார் என்று விழுந்தது.

என்ன சொன்னார் தெரியுமா அப்பா? போகும்போது அவன் ஏதோ பண்ணிவிட்டுப் போயிருக்கிறான் என்றார். அம்மா அதுவரைக்கும் மில் விஷயத்தில் வாயைத் திறந்ததில்லை. சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டாள்.

"ஏங்க, ஆளு போயி ஒரு மாசம் ஆவுது. இன்னமுமா அவரு கை அறுக்குது? நாலு எழுத்து தெரிஞ்சவர கூப்பிட்டு காட்டுங்க. இல்லன்னா நான் கூப்பிடுறேன்."

ரயிலடியில் வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். அம்மாவே ஆள் அனுப்பிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்தார். பெல்ட்டை அவர் கையால்கூடத் தொடவில்லை. அறுந்த துண்டுகள் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா வாளிப் பிடியையும் கதவு அண்டையையும் கழற்றிக் கொடுத்தாள். என் பையையும் கொடுத்தேன். எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்து ஓரத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து, பீப்பாயின் பெரிய கப்பி முகத்திலிருந்து மோட்டாரின் சின்னக் கப்பி முகம் வரைக்கும் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இரண்டு கப்பியின் இரண்டு ஓரமுமாக நான்கு இடத்தில் தொடவேண்டிய நூல் மூன்று இடத்தில் தொட்டது. நாலாவது இடத்தில் தொடவில்லை. ஒரு தட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மோட்டார் பலகைமேல் வைத்தார். தண்ணீர் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

சிமெண்ட்டைக் கொத்தி, போல்ட்டைக் கழற்றி, நான்கு பீங்கான் கட்டைகளையும் எடுத்துத் திண்டில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். மேலே ஒரு ஸ்கேலை வைத்தார். ஸ்கேல் ஆடியது. சுவர்ப் பக்கம் இருந்த இரண்டும் நகக்கனம் குட்டை.

"ஒரே அச்சு தான சார்?" என்றார் ஃபிட்டர். "சூளையில ஒன்னா வச்சீங்களா?"

அப்பா ஸ்கேலைத் திருப்பி வைத்துப் பார்த்தார். இரண்டை மேல் தட்டிலும் இரண்டைக் கீழ்த் தட்டிலும் அடுக்கினது எனக்கே ஞாபகம் இருந்தது. நம் பேட்டையில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும், மண் சுட்டால் சுருங்கும், அனல் கூடின இடத்தில் இன்னும் கொஞ்சம் சுருங்கும். ஃப்யூஸ் கட்டைக்கு அச்சு வெட்டும்போது அப்பா அந்தச் சுருக்கத்துக்கு மயிரிழை மயிரிழையாகக் கணக்குப் போடுவார். மோட்டாருக்கு வைத்தபோது மட்டும் அது சரக்காகத் தெரியவில்லை, பெருமையாகத் தெரிந்தது. ஒரு நகக்கனத்துக்கு மோட்டார் சாய்ந்தது, பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கியது, ஒதுங்கின ஓரம் சட்டத்தில் உரசிப் பிரிந்தது. ஆறு பெல்ட். ஃபிட்டர் குட்டையான இரண்டுக்கும் கீழே தகரம் வெட்டிச் சொருகிச் சமப்படுத்தினார். ஏழாவது பெல்ட்டை நான் பெரியவளாகி அந்த ஊரைவிட்டுப் போகும்வரைக்கும் மாற்றவில்லை.

அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. மில் சீராக ஓடிக்கொண்டிருந்தது, அவர்தான் இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து போனார். எனக்கும் அதே கதிதான். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, வேப்பூர் பஸ்ஸில் ஏறினார். மில் அண்ணன் அங்கே லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நானும் வருகிறேன் என்று அழுதேன். என்ன நினைத்தாரோ, கூட்டிக்கொண்டு போனார்.

கடை மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. லாரி போகும்போதெல்லாம் தட்டி ஆடியது. மில் அண்ணன் ஒரு பெரிய டயரின்மேல் காலை ஊன்றிக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். எனக்கு ஒரு பன். மழையைப் பற்றிப் பேசினார்கள், குழந்தை நடக்கிறதா என்று அப்பா கேட்டார். டீ தம்ளர் காலியான பிறகுதான் அப்பா விஷயத்துக்கு வந்தார். மோட்டாருக்குக் கீழே இருந்த கட்டையில் கோளாறு, சரிசெய்தாகிவிட்டது, நாளையிலிருந்து வேலைக்கு வந்துவிடு என்றார்.

மில் அண்ணனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. தெளிந்ததைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

"வரேன் மொதலாளி. வர்ற அன்னிக்கி பேட்டை டீக்கடையில நாலு பேரு இருக்கும்போது ஒரே வார்த்த சொல்லிடுங்க. இவன் அறுக்கல, கோளாறு நான் வச்ச கட்டையிலன்னு. அது போதும் எனக்கு."

அப்பா ரோட்டைப் பார்த்தார். ஒரு லாரி போனது, இன்னொன்று போனது.

"அதெல்லாம் எதுக்குப்பா இப்ப. நடந்தது நடந்துபோச்சு. மறந்துடு."

"நான் மறந்துடுவேங்க. பேட்டைக்காரங்க மறக்கணுமே."

அப்பா வாழைப்பழத்தை அவரிடம் நீட்டினார். யோசித்து வா என்றார். மில் அண்ணன் இரண்டு கையாலும் வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, டயரின்மேல் மறுபடி காலை வைத்தார். அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் என் வாய் திறந்தது.

"அப்பா, அண்ணன் அறுக்கல. பிசிரத்தான் நறுக்கினாங்க. நூலு நான்தான் கேட்டேன். நான்தான் உள்ள போனேன்."

அப்பாவின் கை என் தோளைப் பிடித்தது. அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. மில் அண்ணன் நெம்புவதை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில், இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது எனக்குத் தெரியும் பாப்பா. உங்கப்பாவுக்கும் இப்ப தெரியும். தெரியாதவங்க கிட்ட போயி சொல்லு."

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம். அப்பா அவரைப் பற்றி அதற்கப்புறம் பேசவே இல்லை, பேட்டையிலும் சொல்லவில்லை. அப்பாவைப் பொறுத்தவரை, ஒரு முதலாளி வேப்பூர் வரைக்கும் பஸ் ஏறிப் போனதே மன்னிப்புதான். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். அதில் எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு, கோபம் இல்லை. கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் வந்தேன். எல்லோரிடமும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் நுழையும்போதே, எவனோ எவனுடைய பம்பரச் சாட்டையையோ பிய்த்துவிட்டான். பெல்ட்டறுப்பான், பெல்ட்டறுப்பான் என்று நீங்கள் எல்லோரும் கத்திச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

பல வருஷம் கழித்து வேப்பூரில் இறங்கித் தேடினேன். ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கடைகளே இல்லை. நல்லூரிலும் விசாரித்தேன். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு எந்த ஊர், யார் வகையறா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் யோசித்துவிட்டு, யாரு, அந்த பெல்ட்டறுப்பானா என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கும்பகோணம் பக்கம் போய் ரொம்ப நாளாயிற்று, அப்புறம் சேதியில்லை என்றார். பஸ்ஸில் ஏறின பிறகுதான், நான் எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்கு உறைத்தது.

ஆகவே, நான் எழுதிக்கொண்டு வந்த கதை இதுதான். தெரியாதவர்களிடம் போய்ச் சொல் என்றார், தெரியாதவர்கள் நீங்கள்தான். அவர் அந்த பெல்ட்டை அறுக்கவில்லை. உங்கள் வீட்டில், உங்கள் அண்ணன் தம்பிகளில், அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்த யாராவது உயிரோடு இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.